கைப்பிடியை முழுதாக மேலே விட வேண்டும்

ஜனவரி 6, திங்கள்

இந்த மிஷினைச் செய்தவன் யாரோ, அவனைப் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்துக் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு திருகாணியில் கை வைத்தேன். ஒரு மணி வரைக்கும் அது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், தட்டினேன், கெஞ்சினேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

முதியோர் வகுப்பு டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். செய்த வேலையை அப்படியே எழுதினால் போதுமாம். என் பெயர் சின்னழகு. வயது எழுபத்திரண்டு. திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் ரைபிள் கிளப்பில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன ஆவணி வரை கைநாட்டு. இப்போது எழுதுகிறேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனாலும் "ஸ்பேனர்" என்று எழுதி முடித்ததும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜ ஸ்பேனரை விட அது எனக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது.

ஜனவரி 7, செவ்வாய்

திருகாணி கழன்றது. இன்னும் பத்தொன்பது இருக்கின்றன.

ஜனவரி 9, வியாழன்

இது தோட்டா அடைக்கும் மிஷின். சுட்டுப் போட்ட காலிக் கூடுகளில் மறுபடி வெடிமருந்தும் ஈய ரவையும் அடைப்பது. வட்டத் தட்டு ஒன்று உண்டு. அதில் ஆறு கூடுகள் நிற்கும். கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஆறு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். ஒன்றில் பொறி தட்டும் பழைய கேப்பு கழலும், ஒன்றில் புதுக் கேப்பு ஏறும், ஒன்றில் மருந்து விழும், ஒன்றில் தக்கை, ஒன்றில் ரவை, கடைசியில் வாய் மடியும். கைப்பிடியை முழுதாக மேலே விட்டால் தட்டு ஓர் இடம் தள்ளி நிற்கும். பாதியில் விட்டால் தட்டு நகராது. இவ்வளவுதான் மிஷின். இதை எழுத இரண்டு மணி நேரம் ஆனது.

முப்பத்தேழு வருடம் ஸ்டோர் ரூமில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்ததை எடுத்து ஓட்டச் சொல்கிறார் புதுச் செயலாளர். அவர் பல் டாக்டர், பெயர் தமயந்தி. பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாவட்டப் போட்டி. கடைத் தோட்டா நேரத்துக்கு வருவதில்லை. மிஷினுக்கு அனுமதி இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார்.

இன்று அவர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து வந்தார். விதிப்படி இரண்டு ஆள் வேண்டுமாம். ஒருவர் இழுக்க, ஒருவர் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து மருந்தைப் பார்க்க. "இதுல இருதயம்னு ஒருத்தர் கையெழுத்து இருக்கே, அவர் இருக்காரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மரியநாதபுரத்தில் அவருக்குச் சைக்கிள் கடை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் போவேன். கடை வரும்போது மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பேன்.

பதிவேட்டை என்னிடமே கொடுத்து, படித்துப் பழகுங்கள் என்றார். கண் வலிக்கிறது. அப்புறம் பார்க்கலாம்.

ஜனவரி 11, சனி

டாக்டரம்மா கெட்டிக்காரர். நான் சொல்லாவிட்டால் என்ன, பல் பிடுங்க வந்த யாரிடமோ விசாரித்திருக்கிறார். காலையில் மிஷினுக்கு முன்னால் இருதயம் நிற்கிறார். வயது எழுபத்திநாலு. முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது, வாய் வளையவே இல்லை.

"என்னா மாப்ள, மிஷினக் குளிப்பாட்டுறியா, பொணத்தக் குளிப்பாட்டுறியா?" என்றார். முப்பத்தேழு வருடத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு.

நான் போட்ட மண்ணெண்ணெயைத் துடைக்கச் சொன்னார். டீசல் போட வேண்டுமாம். நான் கழற்றி வைத்த ஸ்பிரிங்குகளை வரிசை மாற்றி வைத்திருக்கிறேனாம். நான் பிடித்த பிடி தப்பு, உட்கார்ந்த ஸ்டூல் தப்பு. மத்தியானத்துக்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆனால் மாட்டிக்கொண்டிருந்த நான்கு திருகாணிகளும் கழன்றுவிட்டன. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலு மணிக்கு டாக்டரம்மாவின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றோம். அந்தக் காலப் பழக்கம். கிளப் தலைவரின் ஜீப் வாசலில் ஹாரன் அடித்தால், செய்கிற வேலையை அப்படியே விட்டு எழுந்து கையைக் கட்டி நிற்க வேண்டும். டாக்டரம்மா எங்களைப் பார்த்து, எதற்கு எழுந்திருக்கிறீர்கள், ஸ்பிரிங் தெறித்து எங்கே போனதென்று பாருங்கள் என்று திட்டினார். முக்கால் மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினோம். இருதயத்தின் வேட்டி மடிப்பில் இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். என் மனைவி ராக்காயி நான் எழுதிய "பொங்கலோ பொங்கல்" காகிதத்தைக் கதவில் ஒட்டினாள். என்மேல் டீசல் நாற்றம் என்று பானைப் பக்கம் விடவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

இன்று மருந்துக்குப் பதில் கேழ்வரகு போட்டுப் பார்த்தோம். வீட்டில் இருந்து ஒரு படி எடுத்து வந்தேன். கூட்டுக்குள் விழுந்தது பாதி, தரையில் விழுந்தது பாதி. ரவைக் குழாயில் போட்ட கடுகு அடைத்துக்கொண்டது. ஊதினேன், என் கண்ணிலேயே வந்து தெறித்தது. இருதயம் சிரித்துச் சிரித்து இருமினார்.

இருமல் நின்றதும் அந்தப் பேச்சை எடுத்தார். நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

எண்பத்தெட்டாம் வருடம் இந்த மிஷினில் அடைத்த தோட்டா ஒன்று, போட்டி நடக்கும்போது துப்பாக்கிக் குழாயை வெடிக்க வைத்துவிட்டது. எஸ்டேட்காரர் ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் போயின. அந்தக் கூட்டில் மருந்து இரண்டு தரம் விழுந்திருந்தது என்றார்கள். இழுத்தவன் நான். பார்த்தவர் இருதயம். தோட்டாப் பெட்டிக்கு மேல் கையெழுத்து அவருடையது. எல்லாப் பெட்டியிலும் அவருடையதுதான், எனக்குத்தான் எழுதத் தெரியாதே. விசாரணை நடந்தது. அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஊரில் அவருக்கு "டபுள் மருந்து" என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் சைக்கிளுக்குக் காற்றடிக்க வரும் ஆள், மருந்து ரெட்டையாகப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறானாம்.

"எனக்கு வேலை போனது பெருசில்ல மாப்ள. ஒன்னு மட்டும் தெரியணும். என் கண்ணு தப்பா, மிஷின் தப்பா. அதுக்குத்தான் டாக்டரம்மா கூப்ட ஒடனே ஓடியாந்தேன்."

தட்டை நகர்த்தும் நாக்கு ஒன்று அடியில் இருக்கிறது, சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பது போல. அது தேய்ந்திருந்தால் தட்டு வழுக்கி ஒரே கூட்டில் இரண்டு தரம் மருந்து விழும். அதைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார். அந்த மூடியைத் திங்கட்கிழமை திறக்கிறோம்.

கடுகு இன்னும் கண்ணில் உறுத்துகிறது.

ஜனவரி 20, திங்கள்

மூடியைத் திறந்தோம். நாக்கு புதுசு போல இருக்கிறது. முனையில் ஒரு தேய்மானம் இல்லை. தட்டை ஐம்பது தரம் சுற்றினோம், ஐம்பது தரமும் சரியாக நின்றது.

இருதயம் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் மறுபடி எடுத்து, அடித்துப் பார்த்து, தன் கண்ணில் ஒவ்வொன்றாகக் கையை வைத்து மறைத்துச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சாப்பிடாமல் போய்விட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

கிழக்கு ரத வீதியில் சின்ன அரம் ஒன்று வாங்கினேன். இருதயம் சாப்பிடப் போன நேரத்தில் மூடியைத் திறந்தேன். பிறகு மூடினேன். வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

தட்டு வழுக்கியது. பத்துக்கு மூன்று தரம்.

இருதயம் தரையில் உட்கார்ந்து நாக்கைக் கழற்றினார். கிரீஸோடு அதைத் தூக்கிப் பிடித்து, "மாப்ள, தேஞ்சிருக்குடா, முந்தாநாள் அழுக்குல தெரியல" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னார். எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

வடையில் உப்பு அதிகம்.

ஜனவரி 23, வியாழன்

டீச்சர் நோட்டைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது. இனி இதை அவருக்குக் காட்டப் போவதில்லை. வேறு நோட்டில் காக்கா, குருவி எழுதிக் காட்டிக்கொள்கிறேன்.

மிஷின் இப்போது நிஜமாகவே கெட்டுக் கிடக்கிறது. மூன்று வாரம் டீசலில் குளித்து, விரல் நசுங்கி, இரண்டு கிழவர்கள் கஷ்டப்பட்டதெல்லாம் வீண். இந்த மாதிரி நாக்கு எங்கேயும் கிடைக்காது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். ஓடாத மிஷினை ஓட வைக்கச் சம்மதித்து வந்தவன், ஓடிய மிஷினை ஓடாமல் செய்து வைத்திருக்கிறேன். யாரைத் திட்டுவது?

ஜனவரி 25, சனி

முனையில் பற்ற வைத்துச் சரி செய்கிறேன் என்று இருதயம் நாக்கைக் காகிதத்தில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனார். நான் போய்ச் செய்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உனக்கு எதற்கு அலைச்சல் என்றுவிட்டார்.

ஜனவரி 27, திங்கள்

வந்தார். உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து நாக்கை மேசையில் வைத்தார். சைக்கிள் கடையில் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார், சின்ன பேரிங் குண்டுகளைப் பார்க்க. அதில் பார்த்தாராம்.

"தேஞ்ச இரும்பு வழவழன்னு இருக்கும் மாப்ள. இதுல கோடு கோடா இருக்கு. அரம் போட்ட கோடு. உள்ள பளபளங்குது."

நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"எனக்காகத்தான் ராவுன. பாவம் இருதயம், சாகறதுக்குள்ள ஒரு சந்தோஷம் இருக்கட்டும்னு ராவுன. கோவம் இல்லடா." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "மிஷின் நல்லா இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும். அப்ப என் கண்ணுதான். அந்த மனுசன் விரலு என் கண்ணாலதான் போச்சு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. முப்பத்தேழு வருடமாக வராதது. அவர் போய்விட்டார். டார்ச்சை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரி 28, செவ்வாய்

எழுத முடியவில்லை.

ஜனவரி 29, புதன்

பதிவேட்டைத் திறந்தேன். காலை பத்து மணியில் இருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்போதிருந்த செயலாளர் சாய்த்துச் சாய்த்து எழுதியிருக்கிறார், எறும்பு போன மாதிரி. எண்பத்தெட்டு மார்ச் மாதத்துப் பக்கத்தில் இருந்தது. "சரிபார்க்கும் ஊழியர் இருதயத்தின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது. அவர் பணி நீக்கம் செய்யப்பட்டார். கைப்பிடி இயக்கிய சின்னழகு, சரிபார்ப்பவர் இருக்கையில் இல்லாத நேரத்தில் தான் ஒருபோதும் இயக்கியதில்லை என வாக்குமூலம் அளித்தார்." அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. என்னுடையது.

அன்றைக்கு இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். காதால் கேட்பது வேறு. கண்ணால் பார்த்தால் அது போகவே மாட்டேன் என்கிறது.

அந்த ரேகைக்குக் கீழே இடம் இருந்தது. எழுதினேன். பேனா இரண்டு தரம் அடைத்துக்கொண்டது, உதறியதில் மை சட்டையில் கொட்டியது. எவ்வளவு நாள் பழகியும் என் எழுத்து பதிவேட்டின் கோட்டுக்குள் அடங்கவில்லை, மேலும் கீழும் போனது. நான்கு மணிக்குத்தான் முடிந்தது. எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"மேலே உள்ளது பொய். அன்று மருந்து விழுந்த பிறகு கைப்பிடியைப் பாதி தூக்கியிருந்தேன். தலைவர் ஜீப் ஹாரன் அடித்தது. கையை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். தட்டு நகரவில்லை. துப்பாக்கிகளை இறக்கத் தலைவர் இருதயத்தைக் கூப்பிட்டுப் போனார். நான் உட்கார்ந்து கைப்பிடியை மறுபடி கீழே இழுத்தேன். அதே கூட்டில் இரண்டாம் தரம் மருந்து விழுந்திருக்கும் என்று அப்போதே சந்தேகம் வந்தது. அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. பெட்டி நிறைந்துவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று தொடர்ந்து இழுத்தேன். அந்தக் கூட்டை அவர் பார்க்கவே இல்லை. என்னை நம்பிப் பெட்டியில் கையெழுத்துப் போட்டார். சின்னழகு."

கைநாட்டு வைக்கவில்லை. பெயர் எழுதினேன்.

ஜனவரி 30, வியாழன்

பதிவேட்டைப் பையில் போட்டு மரியநாதபுரம் போனேன். எதிர்ச்சாரிக்கு மாறவில்லை. இருதயம் ஒரு டயரைத் தண்ணீரில் முக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

வாய் விட்டுப் படித்தார். முதல் வரியில், "யாருடா எழுதுனது, கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவது வரியில் சத்தம் குறைந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு மேலே போய் மறுபடி முதலில் இருந்து படித்தார். தொட்டித் தண்ணீரில் டயரில் இருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தார். கடையின் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார். நான் நின்றேன். இன்னொரு கதவையும் சாத்திவிட்டார்.

அங்கிருந்து டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் பதிவேட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நாக்கை ராவியதையும் சொன்னேன். மிஷினுக்கு வழி என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நீங்கள் போங்கள், நான் யோசிக்கிறேன் என்றார்.

பிப்ரவரி 1, சனி

கிளப் அறிவிப்புப் பலகையில் டாக்டரம்மா ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். எண்பத்தெட்டாம் வருட விபத்தில் இருதயத்தின் மேல் தவறில்லை என்று சங்கம் பதிவு செய்கிறதாம். முழுவதும் படித்தேன். என் பெயரும் அதில் இருக்கிறது. டீக்கடையில் பேச்சு நின்றது, நான் டம்ளரை வைத்துவிட்டு வந்த பிறகு மறுபடி தொடங்கியது.

ராக்காயிக்கும் தெரிந்துவிட்டது. மத்தியானம் சோறு வைத்தாள். எதிரில் உட்காரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். நாக்கு இல்லாத மிஷினுக்கு எண்ணெய் எதற்கு என்று தெரியவில்லை. கைப்பிடியை இழுத்தேன், விட்டேன். தட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. போட்டிக்கு ஆறு நாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

யாரும் வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

காலை பத்து மணிக்கு இருதயம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பையில் இருந்து ஒரு நாக்கை எடுத்தார். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டி, ராவி, பதம் வைத்து, புதிதாகச் செய்திருக்கிறார். பழையதை விட அழகாக இருந்தது. மாட்டினார். ஸ்பேனர் என்று கையை மட்டும் நீட்டினார், கொடுத்தேன். பத்தாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டு கொடுக்கிறாய் என்று திட்டினார். பேசிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டவில்லை, இன்னொரு தரம் வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தேன். அதற்கும் திட்டினார்.

கேழ்வரகு போட்டு நூறு கூடு ஓட்டினோம். ஒன்றுகூட வழுக்கவில்லை. ராக்காயிக்கு ஒரு படி கேழ்வரகு பாக்கி.

போகும்போது கதவருகில் நின்றார். முகத்தைத் திருப்பாமல் சொன்னார்:

"என் மகளுக்கு ரெண்டு எடம் தட்டிப் போச்சுடா, அந்தப் பேரால. அத நான் மறக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சரி மச்சான் என்றேன்.

டார்ச்சைத் தேடினார். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். புது பேட்டரி போட்டு வைத்திருந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நிஜ மருந்து. அனுமதி பார்க்கும் அதிகாரி மூன்று மணிக்கு வருவதாகச் செய்தி. அவருக்குக் காட்ட ஒரு பெட்டி அடைக்க வேண்டும். இருதயம் என் வலது பக்கத்தில், டார்ச்சோடு. நான் இழுக்க, அவர் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் குனிந்து பார்த்து, ம் என்றார். அவர் ம் சொல்லாமல் நான் அடுத்ததை இழுக்கவில்லை. ஒரு தரம் தும்மல் வந்து ம் சொல்ல நேரமாகிவிட்டது. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம்டா சும்மா இருப்பாய் என்று அதற்கும் திட்டினார்.

பதினேழாவது கூட்டில் மருந்து விழுந்தது. கைப்பிடியைப் பாதி மேலே தூக்கியிருந்தேன். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

என் முழங்கால் தானாக நிமிர்ந்தது. பாதி எழுந்துவிட்டேன். கைப்பிடியில் இருந்து விரல் பிரிந்துவிட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. எழுபத்திநாலு வயதுக் கை, கிரீஸ் ஒட்டிய கை, நல்ல கனம்.

"உக்காருடா."

உட்கார்ந்தேன். டாக்டரம்மாவும் அதிகாரியும் உள்ளே வந்து எங்கள் எதிரில் நின்றார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. கைப்பிடியை மறுபடி பிடித்து, முழுதாக மேலே விட்டேன். தட்டு டக்கென்று ஓர் இடம் நகர்ந்து நின்றது. இருதயம் குனிந்து டார்ச் அடித்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"ம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.

இருபத்தைந்து கூடும் முடிந்து பெட்டியை மூடியதும், பழக்கத்தில் பேனாவை இருதயத்திடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார். இழுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதிகாரி கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். எழுதி முடிக்க வேண்டுமே, நான் என்ன செய்வது.